ஒன்பதாம் நம்பர் ஆள்

முத்துச்செல்விக்கு எதைப் பார்த்தாலும் எண்ண வேண்டும். கல்யாணப் பந்தியில் இலையை எண்ணுவாள், ஷேர் ஆட்டோவில் தலையை எண்ணுவாள், கோயிலில் தீபாராதனை காட்டும்போதுகூட எத்தனை திரி என்று உதடு முணுமுணுக்கும். ஒரகடத்தில் சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனி ஒன்றில் எட்டு வருஷமாகக் கடைசிச் சோதனை மேசையில் நிற்கிறவளுக்கு வேறு எந்தப் பழக்கம் வரும்? சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, வயது முப்பத்தொன்று. வாய்தான் நீளம், மனசு நல்ல மனசு என்று லைனில் பழைய ஆட்கள் சொல்வார்கள். புதியவர்கள் முதல் பாதியை மட்டும் நம்புவார்கள்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. வரிசையாக வருகிற போர்டில் கோளாறு கண்டால் அவள் "என்ஜி!" என்று ஒரு குரல் கொடுப்பாள். 'நாட் குட்' என்பதன் சுருக்கம் அது. விரிவு தெரியாதவர்களுக்கும் சத்தம் தெரியும். குரல் வந்த நொடியில் லைனில் நிற்கிற எல்லோரும் கையில் இருப்பதை விட்டுவிட வேண்டும், ஓரடி பின்னால் போக வேண்டும், இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் வந்து பார்த்து "ஓகே" என்று சொல்கிறவரை ஒருவர் கையும் இறங்கக் கூடாது. எந்த ஷெட்டானாலும், ஸ்டோர்ஸானாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க எல்லோருக்கும் இதைத்தான் பழக்குவார்கள். ஒரு மாதம் போனால் தூக்கத்தில் கத்தினாலும் கை தூக்குவார்கள்.

விழித்திருக்கும்போது கத்தினாலும் தூக்காதவள் ஒருத்தி இருந்தாள். பேச்சி. வயது பத்தொன்பது, வேலைக்கு வந்து மூன்று வாரம். பிடித்தால் உடும்புப் பிடி. என்ஜி குரல் கேட்டதும் பயந்துபோய் போர்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறையாக இது நடந்தபோது முத்துச்செல்விக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"விடுட்டி! அது என்ன நீ பெத்த பிள்ளையா? விடச் சொன்னா விடணும். ஒரு நாளைக்கு இந்தப் பிடியிலயே ஒன் கை போவப் போவுது, பாத்துக்க."

பேச்சி கழிவறைக்குள் போய் அரை மணி நேரம் அழுதாள். அந்த அழுகை முத்துச்செல்வியை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கடைசியில் சமாதானத்துக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தாள்: ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நடை என்பது முத்துச்செல்வி தொடங்கி வைத்தது. வாரம் ஆறு நாள் குளிரூட்டிய ஷெட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிற்கிறவர்கள், ஏழாவது நாள் சேரப்பணஞ்சேரிக்குப் பின்னாலுள்ள காப்புக்காட்டுக்குள் புகுந்து, பெரிய ஏரியின் கரையைப் பிடித்து, மதகில் உட்கார்ந்து சாப்பிட்டு, தார் ரோட்டில் ஏறுவார்கள். பத்து கிலோமீட்டர். போனில் ஒரு குரூப் உண்டு. வருகிறேன் என்று யார் பதிந்தாலும் ஒரு நம்பர் கிடைக்கும். மூன்று ஷிப்டு, நாலு கான்ட்ராக்டர், ஆறு ஷெட் என்று சிதறிக் கிடக்கிறவர்கள். பாதிப் பேருக்குப் பாதிப் பேர் முகம் தெரியாது. எல்லோரும் பழைய சாம்பல் நிற யூனிபார்ம் சட்டை, தொப்பி, தூசுக்கு மாஸ்க் என்று வருவதால் தெரிந்த முகமும் தெரியாது. அதனால் பெயர் கிடையாது, நம்பர்தான். அடையாள அட்டையைக் காட்டில் தொலைத்தால் மெமோ வரும் என்று அதையும் யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

பேச்சியை வெளியே விட ஹாஸ்டல் வார்டன் கிளியம்மாள் லேசில் சம்மதிக்கவில்லை. மூன்று மாதம் முடியாத பிள்ளைகளை அனுப்பும் வழக்கமில்லை என்றாள். முத்துச்செல்வி வாதாடி, கெஞ்சி, கடைசியில் ரிஜிஸ்டரில் தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள்: 'பேச்சியைக் காலை பத்து மணிக்குள் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.' கீழே கையெழுத்து.

தை மாதப் பனி இறங்கியிருந்த அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ரத்தினத்தின் டீக்கடை முன்னால் அவர்கள் கூடியபோது ரோட்டில் இரண்டு போலீஸ் ஜீப் அடுத்தடுத்துப் போயின.

"இன்னா விஷயம் தெரியுமா?" என்றார் டீயை ஆற்றிக்கொண்டே ரத்தினம். "நேத்து சாயந்திரம் எவனோ ஒருத்தன் போலீஸுக்கு டிமிக்கி குடுத்துட்டு ஓடிட்டான். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துருக்காங்க, அங்கேர்ந்து எஸ்கேப்பு. விடிய விடியத் தேடிகினு கீறாங்க. மறைமலை நகர் பக்கம் போயிட்டான்னு பேசிக்கிறாங்க."

ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் அந்தோணிராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். தூத்துக்குடிக்காரர், நாற்பது வயது, நடையில் எப்போதும் ஒன்றாம் நம்பர், முன்னால் போகிறவர். "ஏ முத்து, இன்னைக்கு வேண்டாமே. பொம்பளப் பிள்ளைய வேற இருக்கு."

முத்துச்செல்வி பேச்சியைப் பார்த்தாள். பேச்சி யாரிடமோ கடன் வாங்கிய தொப்பியைக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டு, புளிசாதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திருவிழாவுக்குப் புறப்பட்ட குழந்தைபோல் நின்றாள். இப்போது திரும்பு என்று எப்படிச் சொல்வது? அதோடு, தன் நடையைத் தான் நிறுத்துவதா என்ற வீம்பும் முத்துச்செல்விக்குக் கொஞ்சம் இருந்தது. இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

"அவன் மறைமலை நகர் போயிட்டாம்னு சொல்லுதாவல்லா? பன்னெண்டு பேரு சேந்து போறோம். நம்மள என்ன செஞ்சிரப் போறான்? வாங்க."

எண்ணினாள். பதினொன்றுதான் வந்தது. பட்டியலில் ஒன்பதாம் நம்பர் ஹேமந்த் என்று புதிதாக ஒரு கான்ட்ராக்ட் ஆள். காஞ்சிபுரம் பக்கம், நாலாம் ஷெட், யாரும் பார்த்ததில்லை. எங்கே என்று சுற்றிப் பார்த்தபோது, கடைக்குப் பின்னாலிருந்து சாம்பல் சட்டை போட்ட ஒருவன் பனிக்குள்ளிருந்து வந்தான். தொப்பி இல்லை, மாஸ்க் இருந்தது.

"ஹேமந்தா?"

அவன் ஒரு கணம் நின்றான். "ஆமாக்கா."

"லேட்டா வந்தா இங்கயும் லேட் மார்க்தான். நீ ஒம்போது."

பெயரைக் கேட்காமல் பெயரை எடுத்துக் கொடுத்தவள் தானே என்று பிறகு எத்தனை நாள் தன்னைத் திட்டிக்கொண்டாளோ, அதற்குக் கணக்கில்லை. அப்போது அவளுக்குத் திருப்திதான். பட்டியல் பன்னிரண்டு, ஆள் பன்னிரண்டு. ரத்தினம் நீட்டிய டீயை அவன் இடது கையால் வாங்கினான். சட்டைக் கை மேலே ஏற, மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் முத்துச்செல்விக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று. உடம்பிலிருக்கும் மின்சாரம் போர்டில் இறங்காமல் இருக்க லைனில் எல்லோரும் இடது கையில் ஒரு பட்டை மாட்டிக்கொள்வார்கள். எட்டு மணி நேரம் இறுக்கிப் பிடித்தால் தோல் கன்றி வளையம் விழும். அவள் கையிலும் உண்டு, பேச்சி கையிலும் உண்டு. காலில் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஷூ வர மூன்று மாதமாகும் என்பது ஊருக்கே தெரியும். பாவம் என்று நினைத்துத் தன் பையிலிருந்த இன்னொரு தொப்பியை அவனுக்குக் கொடுத்தாள்.

காட்டுக்குள் நுழைந்ததும் பனி இன்னும் அடர்ந்தது. காரைப் புதரும் ஈச்சம் புதரும் வழியை நெருக்கின. சூரை முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை முத்துச்செல்வி குரல் கொடுப்பாள்; முன்னாலிருந்து "ஒண்ணு", "ரெண்டு" என்று குரல்கள் வரும். ஒன்பது என்ற குரல் மெதுவாக, ஆனால் தவறாமல் வந்தது. அதையடுத்து பேச்சியின் "பத்து" கணீரென்று வரும். அவளுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது.

ஒன்பதாம் நம்பர் ஆள் அதிகம் பேசவில்லை. பேச்சியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். பேச்சியும் சும்மா விடாமல் பையின் ஒரு வாரைக் கையில் பிடித்தபடியே கூட நடந்தாள். அவளுக்கு எதையும் முழுசாக விட வராது. அவனுடைய வலது கை எந்நேரமும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. குளிருக்கு என்று முத்துச்செல்வி நினைத்தாள்.

ஏழரை மணிக்கு ஏரிக்கரை ஏறினார்கள். ஐப்பசி மழையில் நிறைந்த தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளையாகக் கிடந்தது. அப்போதுதான் தலைக்கு மேலே தேனீக் கூட்டம்போல ஒரு சத்தம். ட்ரோன். தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து வந்து, அவர்கள் தலைக்கு மேல் நின்று, வட்டமடித்தது.

"நம்மளப் படம் பிடிக்காம் பாருங்க," என்று பேச்சி கையாட்டினாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஆட்டினார்கள். ஒன்பதாம் நம்பர் ஆள் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டு, பேச்சிக்குப் பின்னால் ஒட்டி நின்றான். சாம்பல் சட்டைக்காரர்கள் பன்னிரண்டு பேர் கும்பலாக நிற்பதைப் பார்த்துவிட்டு ட்ரோன் மறுகரைக்குப் போய்விட்டது.

மதகில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். பேச்சி தன் புளிசாதத்தில் பாதியை அவனுக்கு ஒரு இலையில் வைத்துக் கொடுத்தாள். அவன் மாஸ்க்கை இறக்கினான். நாலு நாள் தாடி, வெடித்த உதடு. நேற்று மதியத்திலிருந்து சாப்பிடாதவன் சாப்பிடுகிற வேகத்தில் சாப்பிட்டான். அதற்காக வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

அந்த மணிக்கட்டிலும் சிவப்பு வளையம்.

சோற்றைப் பிசைந்த முத்துச்செல்வியின் கை அப்படியே நின்றுவிட்டது. பட்டை இடது கையில் மட்டும்தான். வலது கையில் மாட்டினால் வேலை ஓடாது. இரண்டு கையிலும் மாட்டுகிற லைன் எந்தக் கம்பெனியிலும் இல்லை. அப்படியானால் இது? மூளை அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் அவள் பாக்கெட்டில் போன் மூன்று முறை அதிர்ந்தது. மதகு மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். காலையிலிருந்து காத்துக்கிடந்த செய்திகள் எல்லாம் சேர்ந்து வந்தன.

முதல் செய்தி ஹேமந்திடமிருந்து. 'அக்கா சாரி. நேத்து ஓ.டி. போட்டுட்டாங்க, இப்பதான் எழுந்தேன். அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்.'

இரண்டாவது கிளியம்மாளிடமிருந்து. 'முத்து, போலீஸ் ஹாஸ்டலுக்கு வந்துச்சு. அவங்க போனதுக்கப்புறந்தான் பாத்தேன், மொட்டை மாடியில காயப்போட்ட யூனிபார்ம் ஒரு செட்டு காணோம். பேச்சி பத்திரம்.'

மூன்றாவது யாரோ பரப்பியது. தப்பியவன் காவலுக்கு இருந்த போலீஸ்காரரின் கழுத்தை பிளேடால் கிழித்துவிட்டு, சாவியைப் பறித்து விலங்கைக் கழற்றிக்கொண்டு ஓடினான், போலீஸ்காரர் உயிருக்குப் போராடுகிறார் என்று எழுதியிருந்தது.

பேச்சி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் இன்னொரு கைப்பிடி வைத்துக்கொண்டிருந்தாள். 'பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.' தன் கையெழுத்து அவள் கண் முன்னால் நின்றது.

"போன்ல இன்னாக்கா?" என்றான் அவன். சாப்பிட்டு முடித்திருந்தான். வலது கை மறுபடி பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

"எல்லாம் சூப்பர்வைசர்தான்." குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்கு ஷிப்ட மாத்திட்டானாம். ஞாயித்துக்கிழமையும் உயிர வாங்குதான்."

அவன் அவளையே பார்த்தான். மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டான். நம்பினானா இல்லையா என்று கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"கெளம்புங்க, கெளம்புங்க," என்று முத்துச்செல்வி எழுந்தாள். அந்தோணிராஜிடம் சொல்லலாமா? சொன்னால் அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. கூட்டமாகப் பாய்ந்து பிடிக்கலாமா? பிடிக்கலாம், பேச்சி அவன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால். முதலில் பேச்சியை நகர்த்த வேண்டும்.

லைனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்களை இடம் மாற்றுவார்கள். அந்தப் பெயரைச் சொல்லியே குரல் கொடுத்தாள். "ரொட்டேஷன்! பேச்சி, நீ முன்னால அண்ணன்கூடப் போ. நான் ஒன் எடத்துக்கு வாரேன்."

பேச்சி எழுந்தாள். பை அவன் தோளில். பையின் வார் அவள் கையில்.

"இருக்கட்டுங்கா," என்றான் அவன், மெதுவாக, சிரிப்பதுபோல. "பொண்ணு மெதுவா நடக்குது. முன்னாடி போனா எல்லாருக்கும் லேட்டாவும். நான் பாத்துக்கிறேன்."

"ஆமாக்கா, நான் இங்கனயே வாரேனே," என்றாள் அந்தப் பைத்தியக்காரி.

முத்துச்செல்வி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். அல்லது ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அதனால்தான் பேச்சியை விடவில்லை. எப்படியிருந்தாலும் அவள் பேச்சிக்குப் பின்னால் மூன்றடியில் நடந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போர்டைப் பார்த்துப் பழகிய கண், இப்போது ஒரு பேன்ட் பாக்கெட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தது. ரோட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்.

வழக்கம்போல் எண்ணவும் வேண்டியிருந்தது. எண்ணாமல் விட்டால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். "ஏழு", "எட்டு", "ஒம்போது" என்று அவன் குரல் வரும்போதெல்லாம் அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. "பத்து!" என்று பேச்சி கத்தும்போது உயிர் திரும்பி வந்தது.

பாதி வழியில் அவன் நடையைக் குறைத்து அவளுக்குப் பக்கவாட்டில் வந்தான். பேச்சியின் பை வாரைத் தன் இடது கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். பேச்சியும் கூடவே பின்தங்கினாள்.

"ரோட்டாண்ட போலீஸ் இருக்குமாக்கா?"

"இருந்தா என்னப்பா? நம்ம என்ன திருடுனமா?"

"அதில்ல. எனுக்கு போலீஸுன்னாவே ஆவாது." அவன் வலது கை பாக்கெட்டுக்குள் அசைந்தது. "நீதான லீடரு. கேட்டா நீயே பேசிடு. பன்னெண்டு பேருன்னு சொல்லு. இந்தப் பொண்ணு பயப்புடும் பாரு, அதுக்குச் சொல்றேன்."

அவன் பேச்சியைப் பார்த்துச் சொன்ன விதத்தில் முத்துச்செல்விக்குச் சந்தேகத்துக்கே இடமில்லை. அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"சொல்லுதேன்," என்றாள். ஆத்திரமாக வந்தது. தன் பட்டியலுக்குள், தான் கொடுத்த நம்பருக்குள், தான் கொடுத்த தொப்பிக்குள் ஒளிந்துகொண்டு, தான் அழைத்து வந்த பிள்ளையையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். வெள்ளிக்கிழமை திட்டியிருக்காவிட்டால் பேச்சி இந்நேரம் ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள்.

கரை முடிந்து சரிவில் இறங்கும் இடத்தில் போலீஸ் நின்றது. ஒரு சப் இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள், ரோட்டோரம் ஒரு ஜீப். விடிய விடிய நின்ற களைப்பு மூன்று பேர் முகத்திலும் அப்பிக் கிடந்தது.

"யாரும்மா நீங்கல்லாம்? இத்தினி பேரு இங்க இன்னா பண்றீங்க? ஆளத் தேடிகினு இருக்கோம்னு தெரியாது?" என்று சப் இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார்.

"கம்பெனி ஸ்டாஃப் சார். வாராவாரம் நடக்க வருவோம்." அவள் போனை நீட்டினாள். பட்டியல். கிளியம்மாளின் செய்தியைத் திறந்து காட்டலாமா என்று விரல் துடித்தது. பேச்சியின் முதுகுக்குப் பின்னால் அவன் நெருங்கி நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. வலது கை பாக்கெட்டுக்கு வெளியே, அவளுடைய இடுப்புக்குப் பின்னால் மறைந்திருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்தார். விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். முத்துச்செல்வி காலையில் செய்த அதே தப்பை அவரும் செய்தார்.

"பன்னெண்டு. கரெக்டா கீது. எல்லாம் உங்க ஆளுங்கதான?"

"எங்க ஆளுங்கதான் சார்."

"வழியில வெள்ளை பனியன், கைலியில எவனையாச்சும் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"சரி, நிக்காத. பஸ் ஏறி வூடு போய்ச் சேருங்க."

அவ்வளவுதான். வழி விட்டுவிட்டார்கள். இருபதடி தாண்டினால் ரோடு, பஸ், ஷேர் ஆட்டோ. அங்கே அவன் தனியாக இறங்கிப் போவானா, பேச்சியையும் இழுத்துக்கொண்டு ஏறுவானா? இழுத்துக்கொண்டு போனால் யார் தடுப்பார்கள்? ஒரு அண்ணன் தங்கச்சி போவதாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

"சார், ஒரு நிமிசம்," என்றாள் முத்துச்செல்வி. "எங்க வழக்கம். நடை முடியுத எடத்துல வட்டமா நின்னு எண்ணிட்டுத்தான் கலைவோம். எண்ணாமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

அந்தோணிராஜ் சிரித்தார். "இவ எங்கள விடமாட்டா சார். லைன்லயும் இப்படித்தான்."

"எண்ணித் தொலைங்க," என்று சப் இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். போலீஸ்காரர்கள் ஐந்தடி தள்ளி நின்றார்கள். வட்டம் கூடியது. அவன் தயங்கினான், மற்றவர்கள் இயல்பாக நிற்கும்போது தான் மட்டும் விலகி நிற்க முடியாது என்று வந்து நின்றான், பேச்சிக்கு வலது பக்கம். பை அவன் தோளில். வார் அவள் கையில்.

முத்துச்செல்வி பேச்சியைப் பார்த்தாள். ஒரு ஜாடை காட்ட முடியாது. ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வரை ஒருமுறைகூடச் சரியாகச் செய்யாத பிள்ளை. இன்றைக்கு மட்டும் செய்வாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? செய்யாவிட்டால், பயந்து இறுக்கிப் பிடித்தால், அவன் கை ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அம்மா தாயே, இந்த ஒரு தடவை விட்டுருட்டி என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"ஆரம்பிங்க."

"ஒண்ணு." அந்தோணிராஜ்.

"ரெண்டு." "மூணு." "நாலு." குரல்கள் வட்டத்தில் சுற்றி வந்தன. "அஞ்சு." "ஆறு." அவன் கண் ரோட்டில் இருந்தது. "ஏழு." "எட்டு."

"ஒம்போது."

"என்ஜி!"

ஷெட்டுக்குள் பத்து மிஷினின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரல் அது. ஏரிக்கரையில் இடிபோல் விழுந்தது. ஏன், எதற்கு என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்துக்குப் போகாமலேயே உடம்பு வேலையை முடித்துவிட்டது. தண்ணீர் பாட்டில் விழுந்தது, போன் விழுந்தது, அந்தோணிராஜின் தடி விழுந்தது. எல்லோரும் ஓரடி பின்னால் போய், தோள் உயரத்துக்குக் கைகளைத் தூக்கி நின்றார்கள்.

வட்டத்துக்குள் ஒருவன் மட்டும் என்ன நடக்கிறதென்று தெரியாமல் நின்றான். வலது கையில் பிளேடு வெயிலில் மின்னியது. அவன் இடது கையால் பை வாரைச் சுண்டி இழுத்தான், பேச்சியைத் தன் பக்கம் கொண்டுவர.

பை மட்டும் வந்தது. வாரின் மறுமுனையில் யாரும் இல்லை.

முழு பலத்தோடு இழுத்தவன் இழுத்த வேகத்தில் மல்லாந்து விழுந்தான். இரண்டு கான்ஸ்டபிளும் அவன் மேல் விழுந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலால் மணிக்கட்டை மிதித்தார். சிவப்பு வளையத்தின் மேலேயே. பிளேடு உதிர்ந்தது. அவன் அடிபடும்போது கத்தவில்லை. முத்துச்செல்வியை மட்டும் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தைவிட, இது என்ன, இவர்கள் என்ன செய்தார்கள் என்ற திகைப்புதான் அதிகம். விலங்கு மாட்டி ஜீப்புக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவனுடைய ஒரு செருப்பு மண்ணில் கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைப் பற்றி அவள் பிறகு நிறைய யோசித்தாள்.

சப் இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க அவளிடம் வந்தார். "இன்னாம்மா நீ, எங்க ஆளுன்னு சொன்ன?"

"எங்க பிள்ள அவன் கையில இருந்துச்சு சார்," என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை இறக்கி, நடந்தது என்ன என்று புரிந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தோணிராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். யாரோ அழுதார்கள். முத்துச்செல்வியின் விரல் தானாக ஆடத் தொடங்கிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்று. இந்த முறை பதினொன்றுதான் சரி.

பேச்சி மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஓரடி பின்னால், இரண்டு கையும் தோள் உயரத்தில், விரல்கள் விரிந்தபடி. முகத்தில் ரத்தம் இல்லை. கை மட்டும் இறங்கவில்லை. இடது மணிக்கட்டில் மூன்று வாரத்தில் விழுந்த மெல்லிய சிவப்பு வளையம்.

முத்துச்செல்வி ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள். "பேச்சி, முடிஞ்சிட்டுட்டி. கைய எறக்கு."

பேச்சியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"நீங்க இன்னும் ஓகே சொல்லலியேக்கா," என்றாள்.

முத்துச்செல்வி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். இரண்டு முறை வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மூன்றாவது முறை வந்தது.